மகிழமரம் ஸ்டாப்பில் ஓர் அம்மன்

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது துடைப்பம்.

பாக்கியம் அதைக் கையில் பிடித்தபடி மகிழமரத்து மேடைமேல் அசையாமல் நின்றிருந்தாள். பெருக்க வந்தவள் பெருக்கவில்லை. மேடையில் வெள்ளை டைல்ஸ். அதன்மேல் ஓர் இலை, பால் பாக்கெட்டின் கிழிந்த மூலை, முந்தின நாள் கற்பூரத்தின் கரி. அவ்வளவுதான்.

நான் எதிர்வீட்டு மாடியில் காபி டம்ளருடன் நின்றிருந்தேன். கோடை தொடங்கியிருந்தது. மரம் பூத்துக் கொட்ட வேண்டிய காலம். வழக்கமாக அந்த நேரத்தில் மரத்தடி வெள்ளையாக இருக்கும். டைல்ஸ் போடுவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யக்கா, இன்னாக்கா இது? ஒண்ணு கூட வுழல."

"காத்து இல்லையோ என்னவோ."

"காத்துக்கா வுழும் அது? தானா வுழும்க்கா."

அவள் சொன்னது சரி. மகிழம்பூவை யாரும் பறிப்பதில்லை. அதுவாக முதிர்ந்து, விடிவதற்குள் அதுவாக உதிரும். அன்று உதிரவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து முதல் கம்பெனி பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. பாக்கியம் துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு இட்லிப் பானையைத் திறக்கப் போனாள்.

இந்த அத்தியாயத்தில் வரும் மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கடைசியில் தெரியும். மரத்தின் பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

ஐ.டி. கார்டுக்குப் பின்னால்

மகிழம்பூவைப் பார்க்காதவர்களுக்காக: சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அழுக்கு வெள்ளை நிறம். ஓரங்கள் கிழித்துவிட்டதுபோல் பிரிந்து நட்சத்திரம் மாதிரி இருக்கும். நடுவில் துளை. அதனால் ஊசி வேண்டாம், துடைப்பக் குச்சியிலேயே கோத்துவிடலாம். உதிர்ந்த அன்று மணக்கும். காய்ந்து பழுப்பான பிறகும் மணக்கும். மல்லிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இந்தச் சாலையில் இருக்கும் ஆலைகள் பலவற்றில் பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. இதழ் உதிர்ந்து லைனில் விழும், பெயிண்டில் ஒட்டும், சிறு பாகங்களுக்குள் புகுந்துவிடும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். காலை ஷிப்டு தொடங்கும் நேரத்தில் கேட்டை ஒட்டிய கம்பி வேலியில் மல்லிச் சரங்கள் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். மாலையில் யாரும் அவற்றைத் திரும்ப எடுப்பதில்லை.

ஸ்டெல்லா என்று ஒரு பெண். கைப்பேசியின் பாகங்களைப் பூட்டும் ஆலையில் வேலை. குன்றத்தூரில் தோழிகளோடு அறை எடுத்திருந்தாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து எங்கள் ஸ்டாப்பில் பஸ் ஏறுவாள். ஒருநாள் கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டைத் திருப்பிக் காட்டினாள். பிளாஸ்டிக் உறைக்குள், அவள் புகைப்படத்துக்குப் பின்னால், காய்ந்த மகிழம்பூ இரண்டு.

"செக்கிங்ல கண்டுபிடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கண்ணுக்குத்தான் மேடம் செக்கிங். மூக்குக்குக் கெடையாது."

அந்தப் பூவைக் கொடுத்தவள் பாக்கியம். முதல் பஸ்ஸுக்கு முன்னால் மரத்தடியைப் பெருக்குவாள். அழுக்கையும் பூவையும் சேர்த்து ஒதுக்க மாட்டாள். பூவைத் தனியாக முறத்தில் அள்ளி, தள்ளுவண்டியின் ஓரத்தில் வைப்பாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெண்கள் உறைக்குள் வைப்பார்கள். பையன்கள் சட்டைப் பையில். பஸ் ஓட்டுநர் வேலுச்சாமி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு கைப்பிடி அள்ளி ஸ்டியரிங்குக்கு முன்னால் போட்டுக்கொள்வார்.

"விக்கலாமே பாக்கியம்" என்று புதிதாக வந்த நான் சொன்னேன்.

"விக்கிறதுக்குத்தான் இட்லி கீதேக்கா" என்றாள்.

மரம் இருந்தால் ஸ்டாப்

பத்திரிகை மேசையில் என் வேலையின் கடைசி நாள் முடிந்து, எனக்குக் கொடுத்த சால்வையைப் பீரோவில் வைத்ததைச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதன் பிறகுதான் இங்கே வந்தேன். மகளுக்கு ஒரகடத்தில் வேலை. அவள் ஆலைக்குப் போன பிறகு நாள் முழுவதும் எனக்கு மாடியும் சாலையும்தான். நாற்பது வரியில் செய்தியை முடிக்கப் பழகியவளுக்கு, முடிவே இல்லாத ஒரு சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பது கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது.

கம்பெனி பஸ்ஸின் வழித்தடப் பட்டியலில் எங்கள் ஸ்டாப்புக்கு 'மகிழமரம்' என்றே பெயர். நிழற்குடை கிடையாது. மரம்தான் நிழற்குடை. மாசியில் இந்தப் பக்கத்து வேம்புகள் மொட்டையாகும். மகிழம் ஆகாது. வருடம் முழுக்க ஒரே கருப்பச்சை. நடுப்பகல் ஷிப்டுக்குக் காத்திருப்பவர்கள் சாலைமேல் விழும் அதன் நிழலின் விளிம்பைத் தாண்டாமல், கோடு போட்டதுபோல் நிற்பார்கள்.

பஸ் நிற்கும் இடத்தில்தான் ஆள் நிற்பார்கள். ஆள் நிற்கும் இடத்தில்தான் பாக்கியத்தின் வண்டி நிற்க முடியும். இட்லி, பொங்கல், வடகறி. நைட் ஷிப்டு முடிந்து இறங்குகிறவர்களுக்கு முட்டை தோசை, ஆம்லெட். வண்டி ஓடியது முட்டையால்தான். இட்லி எங்கும் கிடைக்கும் என்று அவளே சொல்வாள்.

அவள் கணவர் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். இதை என்னைப் பார்த்த முதல் வாரத்திலேயே, சட்னி ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள். படிக்கும் பெண்கள் இரண்டு பேர். கூடவே அவள் தம்பி தனசேகர், எல்லோருக்கும் தனா. கார் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. லைனில் வரும் கார்களுக்கு உட்காரும் சீட்டு பூட்டுவான். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் வீட்டில் சில வாரம் இருப்பான். பிறகு வேறு ஒப்பந்தக்காரரிடம், வேறு நிறச் சட்டையில், அதே வேலைக்குப் போவான்.

சிவப்பு எண்

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு நான் வந்ததிலிருந்தே இருந்தது. ஒருநாள் காலை மரத்தின் அடியில் சிவப்பு பெயிண்டில் ஓர் எண் இருந்தது. சாலையோரத்து எல்லா மரங்களிலும் இருந்தது. எண் போட்ட மரம் போகும் மரம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மரம் போனால் ஸ்டாப் போகும். கூட்டு ரோட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஹோட்டல்கள் இருக்கின்றன. தள்ளுவண்டியை உள்ளே விட மாட்டார்கள்.

பாக்கியம் அந்த எண்ணை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கப் பார்த்தாள். பட்டையின் பிளவுகளுக்குள் பெயிண்ட் இறங்கியிருந்தது. துடைத்ததில் எண் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் இருந்த செய்தி மேசையில் மரம் என்பது பக்கத்தின் ஓட்டையை அடைக்கும் படம். விளம்பரம் கடைசி நேரத்தில் வராமல் போனால், 'பூத்துக் குலுங்கும் கொன்றை' என்று ஒரு படத்தை வைப்போம். அதற்குக் கீழே எழுத ஒரு வரிதான் இடம் இருக்கும். ஒரு மரத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

இருந்தாலும் மனு எழுதிக் கொடுத்தேன். ஸ்டாப்பில் நின்ற எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சாலைத் துறை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு முத்திரை வைத்துத் தந்தார்கள்.

தனா அந்தத் தாளை எட்ட வைத்துப் பார்த்தான்.

"மேடம், கோச்சிக்காதீங்க. மனுவுக்கெல்லாம் ரோடு வளையாது. சாமிக்குத்தான் வளையும்."

அம்மனுக்குப் பெயர் வைத்த நாள்

அவன் சொன்னது பொய்யில்லை. இந்தச் சாலையில் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். நேராகப் போய்க்கொண்டிருக்கும் தார் திடீரென்று ஓர் இடத்தில் லேசாக இடுப்பை ஒடிக்கும். பக்கத்தில் பார்த்தால் ஒரு சூலமோ ஒரு கல்லோ இருக்கும்.

கல் கிடைப்பது கஷ்டமாக இல்லை. சாலை வேலைக்குப் பள்ளம் தோண்டியபோது வெளியே வந்த பழைய சர்வே கல் ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரத்தடிக்கு உருட்டி வந்தார்கள். எழுத்து வெட்டியிருந்த பக்கத்தை மரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி. மரத்துக்கும் ஒரு மஞ்சள் புடவை சுற்றினார்கள். சிவப்பு எண் அதற்குள் மறைந்தது.

பெயர் வைப்பதில்தான் நேரம் போனது.

"பைபாஸ் அம்மன்னு வையுங்க" என்றான் ஒருவன்.

"ஷிப்டு மாரியம்மன்."

"ஓவர்டைம் குடுக்குற அம்மன்னு வெச்சா நானே வந்து வெளக்கு போடுவேன்."

"வாய வெச்சிக்கினு சும்மா இருங்கடா" என்றாள் பாக்கியம். "மகிழடி அம்மன். அவ்ளோதான்."

ஸ்டெல்லா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "யக்கா, பக்கத்துல எங்க மாதா படமும் ஒண்ணு மாட்டிக்குங்க. ரெண்டு பேரா இருந்தா அம்மனுக்கும் தைரியமா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கற்பூரம் ஏற்றியபோது சிரிப்பு நின்றது. தட்டு என் பக்கம் வந்தது. நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் அது விளையாட்டா இல்லையா என்று யாரையாவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆதியிலிருந்து

சாலைப் பொறியாளர் இளைஞர். ஜீப்பிலிருந்து இறங்கியவர் மரத்துக்குப் பத்தடி தள்ளியே ஷூவைக் கழற்றினார். கல்லைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இது எப்போதிலேர்ந்து இருக்கு?"

"ஆதியிலேர்ந்து சார்" என்றான் தனா.

"ஆதின்னா? நம்பர் போட வந்தப்போ நான்தான் கூட வந்தேன். கல்லு இல்லையே."

பாக்கியம் சொன்னாள்: "அப்ப அம்மா மண்ணுக்குள்ள இருந்தாங்க சார். இப்பத்தான் வெளிய வந்துகீறாங்க."

பொறியாளர் குனிந்து கல்லைத் தொட்டார். விரல் நுனியை எங்களுக்குக் காட்டினார். மஞ்சளாக இருந்தது.

"இன்னும் காயவே இல்லையேம்மா."

அவர் அந்த விரலைக் கர்ச்சீப்பில் துடைக்கவில்லை. குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"நான் முடிவு பண்றது இல்ல. மேல எழுதுறேன். கோயில்னு எழுதணும்னா கோயில் மாதிரி இருக்கணும். இப்படி வெறும் கல்லு இருந்தா நாளைக்கு வேற ஒருத்தர் வந்து தூக்கி ஓரமா வெச்சிட்டுப் போயிடுவார்."

நல்ல மனிதர். நல்ல யோசனைதான் சொன்னார்.

சில வாரம் கழித்து சுண்ணாம்புக் கோடு வந்தது. எங்கள் ஸ்டாப்புக்கு முன்னால் வளைந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு, அதன் பிறகு மறுபடியும் நேரானது. வரிசையில் இருந்த மற்ற மரங்களை அந்த மாதமே வெட்டினார்கள். புளி, தூங்குமூஞ்சி, இரண்டு புங்கை. அவற்றுக்கு யாரும் புடவை சுற்றியிருக்கவில்லை.

ஒரு சொட்டு நிக்காது

மேடை கட்டினால்தான் கோயில் என்று முடிவானது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஏகாம்பரம் டைல்ஸ் கொடுத்தார். எங்கோ ஒரு வீட்டுக்குப் போட்டு மிஞ்சிய வெள்ளை டைல்ஸ். இந்தச் சாலைக்காக இடித்த கடைகளின் செங்கல்லும் காரையும் மலைபோல் கிடந்தன. ஆளுக்கு ஒரு சட்டி சுமந்தோம். நானும் சுமந்தேன்.

கட்டியவன் தனா. ஆலைக்குப் போவதற்கு முன் கொஞ்ச காலம் அவன் டைல்ஸ் வேலை செய்திருக்கிறான். வார விடுமுறை நாள்களில் செய்தான். மரத்தைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பி, உள்ளே இடிபாட்டைக் கொட்டி, மணல் நிரப்பித் திமிசுக்கட்டையால் இடித்தான். மேலே சிமெண்ட். அதற்கு மேலே டைல்ஸ். தண்டை ஒட்டி டைல்ஸை வளைவாக வெட்டிப் பொருத்த ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டான். மரத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையாது. சர்வே கல் அதன்மேல் ஏறிக்கொண்டது.

வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். தண்டின் அடியில் ஊற்றினான். தண்ணீர் நாலாபுறமும் ஓடி, விளிம்பு தாண்டி, சாலையில் விழுந்தது. மேடை உடனே காய்ந்தது.

"பாத்தீங்களா மேடம் லெவலு? ஒரு சொட்டு நிக்காது."

கை தட்டினோம்.

"நம்ம வூட்டுத் தரை கூட இவ்ளோ சோக்கா இல்லடா" என்றாள் பாக்கியம். அவன் தோளில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிவிட்டாள்.

அவன் சீட்டு பூட்டிய கார்கள் எந்தெந்த ஊரில் ஓடுகின்றன என்று அவனுக்குத் தெரியாது. இந்த மேடையைத் தினமும் பார்த்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது வேறு ஆலைப் பையன்களிடம், "இது நான் போட்டது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன்கள் குந்தி உட்கார்ந்து, டைல்ஸின் இணைப்பைத் தடவிப் பார்ப்பார்கள்.

அந்த வருடம் மரம் பூத்தது. வெள்ளை டைல்ஸ்மேல் பூ விழுவதைப் பலர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். பஸ் பட்டியலில் 'மகிழமரம்' இருந்தாலும், பேச்சில் 'அம்மன் ஸ்டாப்' ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஏகாம்பரம் பொறுப்பேற்றார்.

துடைப்பமும் கையுமாகப் பாக்கியம் நின்றது அதற்கு அடுத்த கோடையில்.

முட்டை

அன்று பூ விழாததை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். ஆனால் முறம் காலியாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் உச்சிக் கிளைகளின் நுனி பழுத்தது. மகிழம் இலை இப்படி மொத்தமாகப் பழுத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அம்மனுக்கு என்னவோ குறை என்றார்கள். பால் ஊற்றினார்கள். மஞ்சள் நீர் ஊற்றினார்கள். எல்லாம் மேடையில் வழிந்து சாலைக்கு வந்தது. தண்டை ஒட்டி எண்ணெய் விளக்குகளை வரிசையாக ஏற்றினார்கள். பட்டை அந்த உயரத்தில் கறுத்தது. இலைகள் மேலும் உதிர்ந்தன. விளக்குகள் மேலும் கூடின.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூஜை முடிந்து திரும்பிய ஏகாம்பரம் வண்டிக்கு முன்னால் நின்றார். கல்லில் ஆம்லெட் வெந்துகொண்டிருந்தது.

"பாக்கியம், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அம்மன் கண்ணுக்கு எதிர்ல முட்டை ஒடைச்சிக்கினு கீற. எப்படி நிப்பா அவ?"

"அம்மன் வர்றதுக்கு முன்னாடியே நான் இங்க முட்ட ஒடைச்சிக்கினு தானே இருந்தேன்?"

"அப்ப அது வெறும் மரம்."

பஸ்ஸின் ஜன்னலிலிருந்து வேலுச்சாமி குரல் கொடுத்தார். "முட்டைக்கும் அம்மனுக்கும் என்னய்யா பகை? எங்கூர்ல அம்மனுக்குக் கெடாயே வெட்டுதோம்."

"அது உங்கூரு அம்மன். இது சைவ அம்மன்."

"போன வருசம் பொறந்த புள்ள, அதுக்குள்ள சைவமா?"

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. மரம் காய்வதைப் பார்த்து உண்மையாகவே பயந்திருந்தார். எதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். செய்யக்கூடியதாக அவர் கண்ணில் பட்டது முட்டை.

இரண்டு வெள்ளிக்கிழமை பாக்கியம் தாக்குப்பிடித்தாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்தவர்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். யாரும் கத்தவில்லை. எல்லோரும் அவளிடம் ஆம்லெட் வாங்கித் தின்றவர்கள். ஒருவன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டே, "யக்கா, கொஞ்ச நாளைக்கு" என்றான்.

வண்டியைத் தள்ளியவன் தனாதான். சாலையைக் கடந்து, என் வீட்டுப் பக்கம், மறைப்பு எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தினார்கள். ஒரு கைப்பேசிக் கம்பெனியின் குடையை வண்டியில் கட்டினாள். காலை எட்டு மணிக்கே குடையின் நிழல் வண்டியைவிட்டு வெளியே விழும். அவள் நிழலுக்கு வெளியே நின்று இட்லி கொடுப்பாள்.

முட்டை தொடர்ந்தது. "இங்க எந்த சாமிடா கீது?" என்று சொல்லியே தோசையில் ஊற்றுவாள். நைட் ஷிப்டு ஆட்கள் சாலையைக் கடந்து வந்து தின்றார்கள்.

தோழி வந்த நாள்

கல்லூரியில் தாவரவியல் கற்பித்த என் தோழி ஒருத்தி மறைமலை நகரில் இருக்கிறாள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு மாலை வந்தாள். அப்போது மரத்தில் பாதிக்கு மேல் குச்சிகள்தான். மேடைமேல் ஏறவில்லை. குனிந்து சுவரின் உயரத்தைப் பார்த்தாள். உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"உயிரோட புதைச்சிருக்கீங்களே" என்றாள்.

வேருக்கும் காற்று வேண்டும், தண்டின் அடிப்பகுதியை இவ்வளவு மண் மூடக் கூடாது, மேலே ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்க வழி இல்லை. அவள் சொன்னது இவ்வளவுதான். இப்போது உடைத்தால் பிழைக்குமா என்று கேட்டேன். பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சை இல்லை.

"மகிழம் அவசரப்படாத மரம். ஒரு வருஷம் இழுத்துப் பிடிச்சிருக்கு. போன வருஷமே பாத்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

அவள் பஸ் ஏறிப் போன பிறகு பாக்கியத்திடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முட்டையால இல்ல பாக்கியம். மேடையால."

நான் ஒரு நல்ல செய்தி சொல்வதாக நினைத்திருந்தேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, எதிரே மேடையைப் பார்த்தாள்.

"அந்தம்மா படிச்சவங்களா?"

"அதையேதான் படிச்சவங்க."

"இத்த யார்கிட்ட சொன்னக்கா?"

"உன்கிட்டதான்."

"யார்கிட்டயும் வாணாம்க்கா. முட்டைன்னே இருக்கட்டும்."

"நீ பண்ணாத தப்பு அது."

"நான்னா பரவாயில்லக்கா. ஊரே என்னிய பேசுது, பேசட்டும். அவன் பாவம்க்கா. பொறந்ததுலேர்ந்து அவன் பேர் சொல்ல அந்த மேடை ஒண்ணுதான் கீது."

பிறகு எப்போதாவது எழுதலாமா என்று கேட்டேன். "பேரு போடாத. ஊரு போடாத. அவன் எங்க பொஸ்தகம் படிக்கப்போறான்" என்றாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவத் தொடங்கினாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து

இத்தகைய விஷயங்கள் ஒரு வாய்க்குள் தங்குவதில்லை. நான் சொல்லவில்லை, அவள் சொல்லவில்லை. ஆனால் மரம் பட்டுப்போவதைப் பார்த்த யாரோ ஒருவர், ஏதோ ஒரு பஸ்ஸில், சிமெண்ட் போட்டால் மரம் சாகும் என்று சொல்லியிருக்கிறார்.

மழை ஓய்ந்த நாள்களில், ஒரு காலை நான் வண்டிக்குப் பக்கத்தில் இட்லிக்கு நின்றிருந்தேன். தனா நைட் ஷிப்டு முடிந்து இறங்கினான். சாலையைக் கடந்தான். கை கழுவவில்லை. தட்டு எடுக்கவில்லை.

"யக்கா, ஒர்த்தன் சொல்றான். மேடை போட்டதாலதான் மரம் செத்துச்சாம். மெய்யாவா?"

பாக்கியம் கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவன்டா அவன்?"

"எவனோ. மெய்யா சொல்லு."

"எத்தினி கோயில்ல மரத்த சுத்தி மேடை கீது? அதெல்லாம் செத்துப்போச்சா? பேச வந்துட்டான்."

அவன் என் பக்கம் திரும்பினான். கண் சிவந்திருந்தது. நைட் ஷிப்டு பார்த்த கண் அப்படித்தான் இருக்கும்.

"மேடம், நீங்க பேப்பர்ல இருந்தவங்க. நீங்க சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் பேசினாள்.

"அவங்க இன்னாத்த கண்டாங்க? இட்லியும் காபியும் கண்டாங்க. நான் சொல்றேன் கேளு. முட்டதான்டா. அம்மாம் பேரு சொன்னாங்க, நான் கேட்டனா? திமிரு. நாந்தான் அத்த பட்டுப்போக வெச்சேன். போதுமா?"

அவள் குரல் உயர்ந்திருந்தது. ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே ஏகாம்பரம் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

தனா போய்க் கை கழுவினான். பிறகு தட்டை எடுத்தான். இரண்டு இட்லி வைத்தாள். அவன் வழக்கமாகக் கேட்கும் ஆம்லெட்டைக் கேட்கவில்லை. அவளும் போடவில்லை. தின்றுவிட்டு, சாலையைக் கடந்து, மேடை ஓரத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் டைல்ஸ்மேல் கிடந்த காய்ந்த குச்சிகளைக் கையாலேயே ஒதுக்கிச் சுத்தம் செய்தான்.

மரத்தை இன்னும் வெட்டவில்லை. சாமி மரத்தில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. இலையில்லாத கிளைகளில் மஞ்சள் கயிறுகள் தொங்குகின்றன. சாலை அந்த இடத்தில் வளைந்தே போகிறது. வளைவுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். ஸ்டாப்பில் நிற்பவர்கள் நடுப்பகலில் மின்கம்பத்தின் நிழலில், ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நிற்கிறார்கள். ஸ்டெல்லா வேறு ஆலைக்குப் போய்விட்டாள்.

அந்தக் காலைக்கு மறுநாள் நான் மாடியிலிருந்து பார்த்தபோது பாக்கியத்தின் வண்டி அதே இடத்தில், அதே குடையோடு நின்றது. இட்லி, பொங்கல், வடகறி இருந்தன. முட்டை இல்லை. இன்றுவரை இல்லை.